நாற்சரிவுக் கூரையின் கைமர நீளங்களைக் கணக்கிடும் முறை

இருபுறம் மட்டும் சரியும் கூரைக்கு, அதைத் தாங்கும் சாய்வுச் சட்டமான கைமரம் ஒன்றைச் சரியாக வெட்டிவிட்டால், மற்ற அனைத்தையும் அதன்மேல் வைத்துக் கோடு போட்டே அறுத்துவிடலாம். நான்கு புறமும் சரியும் கூரையில் அந்த வசதி இல்லை. நான்கு மூலைகளிலிருந்து முகட்டை நோக்கி ஏறும் மூலைக் கைமரங்கள் நீளத்திலும் சாய்விலும் மற்றவற்றிலிருந்து வேறுபடுகின்றன. அவற்றின் இரு பக்கமும் வந்து முட்டும் குட்டைக் கைமரங்களோ மூலையை நெருங்க நெருங்கக் குறுகிக்கொண்டே போகின்றன. அதனால்தான் பலர் முகட்டுப் பலகையை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, ஒவ்வொரு மரத்தையும் மேலே தூக்கிப் பிடித்து, அளந்து, கீழே இறக்கி வெட்டி, மறுபடியும் ஏற்றுகிறார்கள். அப்படிச் செய்தாலும் கூரை நிற்கும் என்றாலும், ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை மூன்று நாள் இழுக்கும், மரமும் வீணாகும். பள்ளியில் படித்த பித்தாகரஸ் தேற்றமும் வர்க்கமூலப் பொத்தான் உள்ள ஒரு கால்குலேட்டரும் இருந்தால், எல்லா நீளங்களையும் தரையில் உட்கார்ந்தபடியே கண்டுபிடித்துவிட முடியும். கோணங்களோ சைன், கொசைன் அட்டவணைகளோ தேவையில்லை.

இந்தக் கணக்கில் தவறு வருவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருக்கிறது. கிடையாக அளந்து கழிக்க வேண்டிய அளவை (கழிவை) சாய்வான மரத்தின் மேல் அளப்பது, அல்லது சாய்வு நீளத்தைக் கிடை நீளம் என்று எடுத்துக்கொள்வது. எனவே, கூட்ட வேண்டியதையும் கழிக்க வேண்டியதையும் தரைப்படத்தில், கிடைத்தூரத்திலேயே முடித்துவிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை பெருக்கிச் சாய்வு நீளத்துக்கு மாற்றும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே ஏற்படுத்திக்கொள்வது நல்லது. கீழே உள்ள கணக்கு முழுவதும் இந்த ஒழுங்கில்தான் செல்கிறது.

செவ்வகமான ஒரு கட்டடத்தையும், நான்கு பக்கமும் ஒரே சரிவில் அமைந்த கூரையையும் மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். எவ்வளவு பருமனான மரம், எவ்வளவு இடைவெளியில், எந்தச் சுமையைத் தாங்கும் என்பது வலிமை சார்ந்த வேறு கேள்வி. அதைப் பொறியாளரிடம் விட்டுவிடுவதே முறை. கீழே நான் எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கும் மர அளவுகள் கணக்குக்காக மட்டுமே.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம்

சுவரின் தலையில் படுக்கையாகப் பதித்து, கைமரங்களை ஏந்தும் மரத்தைச் சுவர்க்கட்டை என்று குறிப்பிடுகிறேன். அதன் வெளி விளிம்புதான் இந்தக் கணக்கின் தொடக்கப் புள்ளி. கூரையின் உச்சியில் நீளவாக்கில் ஓடுவது முகட்டுப் பலகை. சுவர்க்கட்டையிலிருந்து முகட்டுக்குச் சுவருக்குச் செங்குத்தான திசையில் நேராக ஏறுவது சாதாரணக் கைமரம். மூலையிலிருந்து முகட்டின் முனைக்கு ஏறுவது மூலைக் கைமரம். சுவர்க்கட்டையில் தொடங்கி முகட்டை எட்டாமல் மூலைக் கைமரத்திலேயே முடிந்துவிடுவது குட்டைக் கைமரம். சுவருக்கு வெளியே கூரை நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி இறவாணம். கைமரம் தரைப்படத்தில் கடக்கும் தூரம் கிடைத்தூரம். அந்தத் தூரத்தில் அது மேலே ஏறும் உயரம் ஏற்றம். தூக்குக்குண்டு தொங்கும் திசையில் மரத்தின் பக்கவாட்டில் இழுக்கும் கோடு தூக்குக்கோடு. கைமரத்தின் நீளம் என்று சொல்லும்போதெல்லாம், இரண்டு தூக்குக்கோடுகளுக்கு இடையே மரத்தின் மேல்விளிம்பை ஒட்டி அளக்கும் நீளத்தையே குறிக்கிறேன்.

சரிவைப் பாகையில் சொல்வதை விட, 1000 மி.மீ. கிடைத்தூரத்துக்கு எத்தனை மி.மீ. ஏற்றம் என்று சொல்வது வேலைக்கு எளிது. அங்குலத்தில் வேலை செய்பவர்கள் 12 அங்குலத்துக்கு இத்தனை அங்குலம் என்பார்கள், கணக்கு ஒன்றுதான்.

எடுத்துக்காட்டுக் கட்டடம்

சுவர்க்கட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அகலம் 6000 மி.மீ., நீளம் 9000 மி.மீ. சரிவு 1000-க்கு 600. இறவாணம் கிடையாக 600 மி.மீ. முகட்டுப் பலகை, கைமரங்கள் எல்லாவற்றின் தடிமனும் 50 மி.மீ. சாதாரணக் கைமரத்தின் அகலம் 150 மி.மீ., மூலைக் கைமரத்தின் அகலம் 175 மி.மீ. கைமரங்களுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு 600 மி.மீ.

கணக்கில் இறங்குமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சுவர்க்கட்டைகள் பதித்த பின் இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து பாருங்கள். 6000-இன் வர்க்கத்தையும் 9000-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10,817 மி.மீ. வருகிறது, இரண்டு மூலைவிட்டங்களும் அந்த அளவை ஒட்டியும், ஒன்றுக்கொன்று சமமாகவும் இருக்க வேண்டும். ஒன்று 20 மி.மீ. கூடியும் மற்றது 20 மி.மீ. குறைந்தும் இருந்தால் மூலைகள் செங்கோணமாக இல்லை என்று பொருள். மூலைக் கைமரம் தரைப்படத்தில் மூலையைச் சரிபாதியாகப் பிரித்து 45 பாகையில் ஓடுகிறது என்பதே பின்வரும் கணக்கு முழுவதற்கும் அடிப்படை. சுவர் கோணலாக இருந்தால் அந்த அடிப்படையே தகர்ந்துவிடும் என்பதால், சுவர்க்கட்டையை நகர்த்திச் சரிசெய்த பிறகுதான் மரத்தில் வாளை வைக்க வேண்டும்.

இரண்டே பெருக்கெண்கள்

1000 மி.மீ. கிடைத்தூரத்துக்கு 600 மி.மீ. ஏறும் சாதாரணக் கைமரத்தை ஒரு செங்கோண முக்கோணத்தின் கர்ணமாகப் பாருங்கள். 1000-ஐ 1 என்று கொண்டால் ஏற்றம் 0.6. அதன் வர்க்கம் 0.36, 1-ஐக் கூட்டினால் 1.36, அதன் வர்க்கமூலம் 1.1662. சாதாரணக் கைமரத்தின் கிடைத்தூரம் எதுவானாலும் அதை 1.1662-ஆல் பெருக்கினால் சாய்வு நீளம் கிடைத்துவிடும்.

மூலைக் கைமரத்துக்கு வருவோம். அது தரைப்படத்தில் ஒரு சதுரத்தின் மூலைவிட்டமாகச் செல்கிறது. சாதாரணக் கைமரம் 1 அலகு உள்ளே போகும்போது மூலைக் கைமரம் ஒரு சுவரிலிருந்து 1 அலகும் அடுத்த சுவரிலிருந்து 1 அலகும் விலகியாக வேண்டும்; எனவே அது கடக்கும் கிடைத்தூரம் 2-இன் வர்க்கமூலம், அதாவது 1.4142. ஆனால் அந்தத் தூரத்தில் அது ஏறுவதும் அதே 0.6 மட்டுமே, ஏனென்றால் இரண்டும் ஒரே மட்டத்தில் தொடங்கி ஒரே முகட்டில்தான் சேர்கின்றன. ஆகவே 1.4142-இன் வர்க்கமான 2-உடன் 0.36-ஐக் கூட்டினால் 2.36, வர்க்கமூலம் 1.5362. இங்கே நன்றாகக் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்த 1.5362-ஆல் பெருக்க வேண்டியது மூலைக் கைமரத்தின் சொந்தக் கிடைத்தூரத்தை அல்ல, அதற்கு இணையான சாதாரணக் கைமரத்தின் கிடைத்தூரத்தை. அதாவது தரையில் மூலைவிட்டத்தைத் தனியாக அளக்க வேண்டிய வேலையே மிச்சமாகிறது.

எல்லாச் சரிவுகளுக்கும் வழி இதுவே: ஏற்றத்தின் வர்க்கத்தோடு சாதாரணக் கைமரத்துக்கு 1-ஐயும் மூலைக் கைமரத்துக்கு 2-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். 1000-க்கு 400 என்றால் 1.0770, 1.4697. 1000-க்கு 1000 ஏறும் செங்குத்தான கூரைக்கு 1.4142, 1.7321. சில சரிவுகளில் எண்கள் அழகாக வந்து விழுகின்றன: 1000-க்கு 500 என்றால் மூலைக் கைமரத்தின் பெருக்கெண் மிகச் சரியாக 1.5, 1000-க்கு 750 என்றால் சாதாரணக் கைமரத்தின் பெருக்கெண் மிகச் சரியாக 1.25. கால்குலேட்டர் கைவசம் இல்லாத காலத்தில் இத்தகைய சரிவுகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

பெருக்கெண்ணில் நான்கு தசம இடங்களை வைத்துக்கொள்ளுங்கள். 1.1662 என்பதை 1.17 என்று சுருக்கினால் மூன்று மீட்டரில் 11 மி.மீ. கூடிவிடுகிறது. ஒரு முறை இப்படிச் சுருக்கிய எண்ணை வைத்து எட்டுக் கைமரங்களை வெட்டிவிட்டு, முகட்டுப் பலகை ஏன் தன் மட்டத்தில் உட்கார மறுக்கிறது என்று அரை நாள் தேடியிருக்கிறேன்.

வர்க்கமூலம் இல்லாமலே கர்ணத்தைக் காண, நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்க்கும் முறை ஒன்று நம்மிடையே செய்யுள் வடிவில் புழங்கி வருவதைப் பலரும் அறிவார்கள். 3, 4 பக்கங்களுக்கு அது சரியாக 5 தருகிறது. 5, 12 பக்கங்களுக்குச் சரியாக 13 தருகிறது. ஆனால் எல்லா முக்கோணங்களுக்கும் அது பொருந்துவதில்லை. நம் கட்டடத்தின் சாதாரணக் கைமரத்துக்கு அதைப் போட்டால் 26 மி.மீ. கூடுதலாக வருகிறது, தரைப்படத்தில் 3000-க்கு 3000 சதுரத்தின் மூலைவிட்டத்துக்குப் போட்டாலோ 118 மி.மீ. குறைகிறது. சுமாரான மதிப்பீட்டுக்கு அது அருமையான கருவி. மரத்தை அறுப்பதற்கு வேண்டாம்.

முகட்டுப் பலகை

நான்கு பக்கமும் ஒரே சரிவாக இருப்பதால், முகட்டின் இரு முனைகளும் அந்தந்தக் குறுக்குச் சுவரிலிருந்து அரை அகலம் உள்ளே, அதாவது 3000 மி.மீ. தூரத்தில் அமைகின்றன. எனவே நீளத்திலிருந்து அகலத்தைக் கழித்தால் முகட்டின் கணித நீளம் கிடைக்கிறது: 9000-இல் 6000 போக 3000 மி.மீ.

வெட்ட வேண்டிய நீளம் இதைவிடச் சற்றுக் கூடுதல். முகட்டின் ஒவ்வொரு முனையிலும் மூன்று சாதாரணக் கைமரங்கள் சந்திக்கின்றன: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, குறுக்குச் சுவரின் நடுவிலிருந்து வந்து பலகையின் முனையில் முட்டும் ஒன்று. இந்த மூன்றையும் ஒரே நீளத்தில் வெட்ட வேண்டுமானால், பலகை கணித முனையைத் தாண்டித் தன் தடிமனில் பாதி, 25 மி.மீ., வெளியே நீள வேண்டும். இரு முனைகளுக்கும் சேர்த்து 50 மி.மீ. கூட, பலகையின் நீளம் 3050 மி.மீ. ஆகிறது. இந்த 50 மி.மீ.-ஐ மறந்தால் முனைக் கைமரங்கள் இரண்டும் எட்டாமல் போய், இடையில் சில்லு வைத்து அடைக்க வேண்டி வரும்.

சாதாரணக் கைமரம்

அரை அகலம் 3000. முகட்டுப் பலகையின் தடிமனில் பாதியான 25-ஐக் கழித்தால் 2975. இதுவே சுவர்க்கட்டையின் வெளி விளிம்பிலிருந்து பலகையின் முகம் வரையுள்ள உண்மையான கிடைத்தூரம். இறவாணத்துக்கு 600 கூட்டினால் 3575. இப்போது பெருக்கலாம்: 2975-ஐ 1.1662-ஆல் பெருக்க, முகட்டு வெட்டிலிருந்து காடியின் (சுவர்க்கட்டையில் உட்காரக் கைமரத்தின் அடியில் வெட்டும் பள்ளம்) தூக்குக்கோடு வரை 3469 மி.மீ.; 3575-ஐப் பெருக்க, முகட்டு வெட்டிலிருந்து இறவாண முனை வரை 4169 மி.மீ. கழிவைக் கிடையில் முடித்துவிட்டதால், அந்த 25 மி.மீ. சாய்வில் 29 மி.மீ. ஆகும் என்ற கவலை நமக்கு வரவே இல்லை.

மரத்தில் குறிப்பதற்கு மூலைமட்டத்தின் (செங்கோணமாக இரு கைகள் உள்ள அளவுகோல்) ஒரு கையில் 300-உம் மறு கையில் 180-உம் மரத்தின் மேல்விளிம்பில் பொருந்துமாறு வைத்தால், 180 உள்ள கையின் ஓரம் தூக்குக்கோட்டையும் 300 உள்ள கையின் ஓரம் கிடைக்கோட்டையும் தரும். 1000-க்கு 600 என்ற விகிதத்தின் சிறிய வடிவம்தான் இது. மரத்தில் சிறு வளைவு இருந்தால் மேடான பக்கம் மேலே வருமாறு வைத்துக் குறியுங்கள். பாரம் ஏறியதும் நிமிர்ந்துவிடும்.

சுவர்க்கட்டையில் உட்காரும் காடியின் படுக்கை வெட்டு 75 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், அதன் செங்குத்து வெட்டு 75-ஐ 0.6-ஆல் பெருக்க 45 மி.மீ. 150 மி.மீ. அகலமுள்ள மரத்தைத் தூக்குக்கோட்டில் அளந்தால் 175 மி.மீ. இருக்கும் (150 பெருக்கல் 1.1662), அதில் 45 போக, சுவர்க்கட்டைக்கு மேலே எஞ்சுவது 130 மி.மீ. இந்த 130 என்ற எண்ணைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். இந்தக் கூரையின் எல்லாக் கைமரங்களும், அகலம் எப்படி இருந்தாலும், இந்த எண்ணுக்கு இணங்க உட்கார்ந்தால்தான் மேற்பரப்பு ஒரே தளமாக வரும். காடி மரத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆழமாகிவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே மரத்துக்குக் குறுக்காக அளந்தால் 39 மி.மீ.தான், தொல்லை இல்லை.

முகட்டுப் பலகையை எந்த உயரத்தில் நிறுத்துவது என்பதையும் இதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். 2975-ஐ 0.6-ஆல் பெருக்கினால் 1785. அதோடு 130 சேர்த்து, சுவர்க்கட்டையின் மேற்பரப்பிலிருந்து 1915 மி.மீ. உயரத்தில் பலகையின் மேல்விளிம்பு இருக்க வேண்டும்.

மூலைக் கைமரம்

மூலைக் கைமரம் முகட்டுப் பலகையைத் தொடுவதில்லை; பக்கக் கைமரமும் முனைக் கைமரமும் சேரும் உள்மூலைக்குள் கூராக நுழைந்து நிற்கிறது. அந்த உள்மூலை, முகட்டின் கணித முனையிலிருந்து ஒரு திசையில் 25 மி.மீ., மறு திசையில் 25 மி.மீ. தள்ளி இருக்கிறது. மூலைவிட்டத்தில் அளந்தால் அது 35 மி.மீ. ஆகும். ஆனால் நமக்கு அந்த 35 தேவையில்லை. மூலைக் கைமரத்தின் பெருக்கெண் சாதாரணக் கைமரத்தின் கிடைத்தூரத்தோடுதான் பேசுகிறது என்று மேலே பார்த்தோம். எனவே அதே 2975-ஐ எடுத்து 1.5362-ஆல் பெருக்கினால் போதும். மூலைக் கைமரத்தின் கூர்முனையிலிருந்து சுவர்க்கட்டையின் வெளி மூலைக்கான தூக்குக்கோடு வரை, மரத்தின் மையக்கோட்டில், 4570 மி.மீ. இறவாணத்தோடு சேர்த்து 3575-ஐப் பெருக்கினால் 5492 மி.மீ.

இந்த நீளத்தைச் சரிபார்க்க வேறொரு வழி உண்டு. கழிவு எதுவும் இல்லாத சாதாரணக் கைமரத்தின் சாய்வு நீளம் 3498.6, அதை ஒரு பக்கமாகவும், சுவரோரமாக மூலை வரையுள்ள 3000-ஐ இன்னொரு பக்கமாகவும் கொண்டு கர்ணம் கண்டால் 4608.7 வருகிறது. 3000-ஐ நேரே 1.5362-ஆல் பெருக்கினாலும் அதுவே. கூரையின் சரிவான முகத்தின் மேலேயே படுத்திருக்கும் முக்கோணம் இது. இரண்டு வழியும் ஒத்துப்போனால் நிம்மதியாக அறுக்கலாம். ஒத்துப்போகாதவர்கள் பெரும்பாலும் தரைப்பட மூலைவிட்டமான 4243-ஐ எடுத்து 1.1662-ஆல் பெருக்கியிருப்பார்கள். அப்படிச் செய்தால் 339 மி.மீ. அதிகமாகும், ஏனென்றால் மூலைக் கைமரத்தின் சாய்வு மற்றவற்றைவிட மிதமானது: அதே 600 ஏற்றத்தை அடைய அது 1000-க்குப் பதில் 1414 மி.மீ. செல்கிறது. அதன் தூக்குக்கோட்டைக் குறிக்கவும் மூலைமட்டத்தில் 300-க்குப் பதில் 424-ஐயும், மறு கையில் அதே 180-ஐயும் பிடிக்க வேண்டும். அங்குல மட்டத்தில் 12-க்குப் பதில் 17-ஐப் பிடிக்கும் வழக்கம் இதனால் வந்ததே.

கூர்முனையை வெட்ட, மரத்தின் மேல்விளிம்பில் மையக்கோடு இழுத்து, முனையின் தூக்குக்கோட்டை இரு பக்கங்களிலும் குறியுங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்கோணத்தில் 25 மி.மீ. பின்னால், இரு பக்கமும் இன்னொரு தூக்குக்கோடு இழுத்து, அவற்றின் மேல்முனைகளிலிருந்து மேல்விளிம்பின் மையப்புள்ளிக்குச் சாய்கோடு போட்டு அறுத்தால், எந்தக் கோணமும் அளக்காமலேயே முனை சரியான கூராக வந்துவிடும். இறவாண முனையிலும் இதே முறையில் வெட்டினால் இரு பக்க இறவாணப் பலகைகளும் மூலையில் பிசிறில்லாமல் சேரும்.

இனி பலர் தடுக்கி விழும் இடம். மூலைக் கைமரத்தின் மையக்கோடு கூரைத் தளத்தோடு சமமாக இருந்தால், 50 மி.மீ. தடிமனின் இரு ஓரங்களும் தளத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும்; ரீப்பர் சட்டங்கள் மூலையில் தூக்கிவிடும். ஓரங்களைச் சீவிச் சரிவாக்குவது ஒரு வழி. மரத்தை முழுவதுமாகச் சற்றுத் தாழ்த்தி உட்காரவைப்பது அதைவிட எளிய வழி. எவ்வளவு தாழ்த்துவது? தடிமனில் பாதியான 25-ஐ மூலைக் கைமரத்தின் சாய்வால் பெருக்க வேண்டும். 600-ஐ 1414-ஆல் வகுத்தால் 0.424, எனவே தாழ்வு 10.6 மி.மீ.

நடைமுறையில் இந்தத் தாழ்வைத் தனியாக அளக்காமல் முடிக்கும் தந்திரம் ஒன்றை இங்கே சொல்கிறேன். சுவர்க்கட்டையின் வெளி மூலையை, 50 மி.மீ. அகலமான தட்டை முகம் கிடைக்கும் வரை 45 பாகையில் வெட்டிவிடுங்கள். மூலைக் கைமரம் அந்த முகத்தில் பொருந்தி உட்காரும். மூலையை வெட்டியதால் காடியின் தூக்குக்கோடு கிடையாக 25 மி.மீ. உள்ளே நகர்கிறது. 25 மி.மீ. உள்ளே போகும்போது மரம் ஏறும் அளவு 10.6 மி.மீ.; நாம் தாழ்த்த வேண்டிய அளவும் 10.6 மி.மீ. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால், நகர்த்திய தூக்குக்கோட்டில் மேல்விளிம்பிலிருந்து அதே 130 மி.மீ.-ஐ அளந்து படுக்கை வெட்டைக் குறித்தால் போதும். தாழ்வு தானாகவே வந்துவிடுகிறது. 175 மி.மீ. அகல மரத்தின் தூக்குக்கோட்டு அளவு 190 மி.மீ.; அதில் 130 போக 60 மி.மீ. காடி. மரத்துக்குக் குறுக்காக அளந்தால் 55 மி.மீ., மூன்றில் ஒரு பங்கான 58-க்குள் அடங்கிவிடுகிறது. இதே இடத்தில் 200 மி.மீ. மரத்தைப் போட்டிருந்தால் காடி அந்த வரம்பைத் தாண்டியிருக்கும்.

குட்டைக் கைமரங்கள்

இவைதான் எண்ணிக்கையில் அதிகம். கணக்கில் எளிதும் இவைதான். மூலைக் கைமரம் 45 பாகையில் ஓடுவதால், மூலையிலிருந்து சுவரோரமாக எவ்வளவு தள்ளி ஒரு குட்டைக் கைமரம் நிற்கிறதோ, அதே அளவுதான் அது மூலைக் கைமரத்தின் மையக்கோட்டை அடையக் கடக்கும் கிடைத்தூரமும். மூலையிலிருந்து 600, 1200, 1800, 2400 மி.மீ. தூரங்களில் நான்கு குட்டைக் கைமரங்கள். 3000-இல் வருவது முழுநீளச் சாதாரணக் கைமரம். மூலைக் கைமரத்தின் தடிமனில் பாதி 45 பாகையில் 35.4 மி.மீ. இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அதைக் கிடையிலேயே கழித்துவிட்டு 1.1662-ஆல் பெருக்கினால், மரத்தின் மையக்கோட்டில் நீளங்கள் முறையே 658, 1358, 2058, 2758 மி.மீ. அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே எப்போதும் 700 மி.மீ. வித்தியாசம், 600-ஐ 1.1662-ஆல் பெருக்கிய எண் அது. ஒன்றைக் கணக்கிட்டால் மற்றவை கூட்டல் கழித்தலில் வந்துவிடுகின்றன. இறவாணத்துக்காக ஒவ்வொன்றிலும் அதே 700 மி.மீ. கூட வேண்டும், ஆகவே முழு நீளங்கள் 1358, 2058, 2758, 3458.

சுவரின் நீளம் இடைவெளியால் மீதியில்லாமல் வகுபடாத கட்டடங்களில், இடைவெளியை முகட்டின் கணித முனையிலிருந்து, அதாவது அங்கே நிற்கும் சாதாரணக் கைமரத்திலிருந்து, மூலையை நோக்கி எண்ணிக்கொண்டு போங்கள். கடைசிக் குட்டைக் கைமரம் மட்டும் மூலைக்குச் சற்று நெருங்கி நிற்கும். மற்ற எல்லாவற்றின் வித்தியாசமும் மாறாமல் இருக்கும்.

சாய்வு வெட்டுக்கு மூலைக் கைமரத்தில் செய்த அதே முறைதான். மையக்கோட்டில் அளந்த புள்ளி வழியாகத் தூக்குக்கோடு. அதற்குச் செங்கோணத்தில் முன்னால் 25 மி.மீ. தள்ளி ஒரு பக்கத்தில் ஒரு தூக்குக்கோடு, பின்னால் 25 மி.மீ. தள்ளி மறு பக்கத்தில் ஒரு தூக்குக்கோடு. இரண்டையும் மேல்விளிம்பில் குறுக்காக இணைத்து அறுக்க வேண்டும். எந்தப் பக்கம் நீளமுனை என்பதில் மட்டும் கவனம் தேவை. ஒவ்வொரு நீளத்திலும் எட்டு மரங்கள்: நான்கு இடமுனை, நான்கு வலமுனை. எட்டையும் ஒரே பக்கமாக அறுத்துவிட்டால் நான்கு விறகுக்குத்தான் ஆகும். இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துக் குறித்தால் இந்தத் தவறு நேராது.

மரம் வாங்கும் பட்டியல்

முகட்டின் ஒரு பக்கத்தில் 0-விலிருந்து 3000 வரை 600 இடைவெளியில் ஆறு சாதாரணக் கைமரங்கள். இரு பக்கமும் பன்னிரண்டு, முனைக்கு ஒன்றாக இரண்டு, ஆகமொத்தம் 14. மூலைக் கைமரம் 4. குட்டைக் கைமரம் 32. மேல்விளிம்பில் அளந்த நீளத்தோடு, சாய்ந்த வெட்டு விழுங்கும் பகுதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: சாதாரணக் கைமரத்துக்கு 150-ஐ 0.6-ஆல் பெருக்க 90 மி.மீ., மூலைக் கைமரத்துக்கு 175-ஐ 0.424-ஆல் பெருக்க 74 மி.மீ. எனவே சாதாரணக் கைமரத்துக்கு 4.2 மீட்டர் மரம் போதும் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவீர்கள், 4259 மி.மீ. தேவை. மூலைக் கைமரத்துக்கு 5566 மி.மீ.; முனைகளில் வெடிப்பு இருந்தால் வெட்டித் தள்ள இடம் விட்டு 6 மீட்டராக வாங்குவதே பாதுகாப்பு. மிக நீளமான குட்டைக் கைமரமும் மிகக் குட்டையானதும் சேர்ந்தால் 3458-உம் 1358-உம், 4816 மி.மீ.; நடுவில் உள்ள இரண்டும் சேர்ந்தாலும் அதே 4816 மி.மீ. ஆகையால், சாய்வு வெட்டுக்கான கூடுதலையும் வாள் தின்னும் அளவையும் சேர்த்து, ஐந்து மீட்டரைச் சற்றுத் தாண்டிய ஒரே நீள மரங்களாகப் பதினாறு வாங்கினால் முப்பத்திரண்டும் கழிவின்றி முடிந்துவிடும்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அறுத்துவிடாதீர்கள். முதலில் இரண்டு சாதாரணக் கைமரங்களை மட்டும் வெட்டி, முகட்டுப் பலகையின் ஒரு துண்டை இடையில் வைத்து, சுவர்க்கட்டைகளின் மேல் நிறுத்திப் பாருங்கள். காடி படுக்கையாக உட்கார்ந்து, முகட்டு வெட்டு பலகையில் இடைவெளியில்லாமல் ஒட்டி, மேல்விளிம்பு 1915-இல் நின்றால், மற்றவற்றுக்கு அவற்றையே அச்சாகப் பயன்படுத்தலாம். அடுத்து ஒரு மூலைக் கைமரம். அதன் மேல்முனை பக்கத்துக் கைமரங்களின் மேல்விளிம்பைவிட ஏறத்தாழ 10 மி.மீ. தாழ்ந்து தெரியும், வேண்டுமென்றே தாழ்த்தியது என்பதை நினைவில் கொண்டு அதை மேலே தட்டிவிடாமல் இருங்கள். குட்டைக் கைமரங்களை ஏற்றும்போது மூலைக் கைமரத்தின் மேல் நீளவாக்கில் ஒரு நூலை இறுகக் கட்டி, இரு பக்கமும் மாறி மாறி, எதிரெதிர் ஜோடியாக ஆணியடித்துக்கொண்டு வாருங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டு மறு பக்கத்துக்குப் போனால், மூலைக் கைமரம் நூலை விட்டு விலகி வளைந்து, மறு பக்கத்துக் குட்டைக் கைமரங்கள் எல்லாம் கணக்குச் சரியாக இருந்தும் நீளம் போதாதவையாகத் தோன்றும்.